அண்ணாச்சியைப் புது லேப்டாப்புக்கு மாற்றியது

“…மூச்சு விடலையே தம்பி இது. மூச்சே விடாத பொருளுக்குள்ள எம் புருசனை எப்படி நம்பி ஏத்துறது?”

விருதுநகர் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கண்ணாடி மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த புது லேப்டாப்பின் முதுகில் காதை வைத்துக்கொண்டுதான் அக்கா என்னிடம் இதைக் கேட்டார். கடைக்காரர் அதுவரை அந்த லேப்டாப்பின் பெருமையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே ஃபேனே கிடையாது, சூடே ஆகாது, மடியில் வைத்தால் வைத்த நினைப்பே இருக்காது என்று. அக்கா கேட்டதும் அவர் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. லேப்டாப் வாங்க வருகிறவர்கள் சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், பை சும்மா தருவீர்களா என்றுதான் அவரிடம் கேட்டிருப்பார்கள். புருசனை ஏற்ற வந்தவரை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார்.

அவருக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் என்னால் சிரிக்க முடியவில்லை. அக்கா காதை எடுத்துவிட்டு அந்த அலுமினிய மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். சில்லென்று இருக்கிறது என்று மட்டும் சொன்னார். கடையில் ஏ.சி. ஓடுகிறது, அதனால்தான் என்று நான் சொன்னேன். அந்தக் குளிர்ச்சி அவருக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கும் என்று தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

நான் சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் போடுகிறவன். சக்கரப் பெட்டிமேல் சிரிக்கிற குழந்தை, கம்பி மத்தாப்புப் பெட்டிமேல் மயில், இதெல்லாம் என் கை. யாரிடமும் உட்கார்ந்து படித்ததில்லை. ஒரு பிரஸ்ஸில் பேப்பர் அடுக்கப் போய், அங்கே சும்மா கிடந்த கம்ப்யூட்டரைத் தொட்டுத் தொட்டுப் பழகியதுதான். அதற்காகத் திட்டாமல், “தொடுறதுதான் தொடுற, கையைக் கழுவிட்டுத் தொடு” என்று சொன்னவர் அந்த பிரஸ் முதலாளி. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அக்கா அவர் மனைவி. கீழே பிரஸ், மாடியில் வீடு. மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகளைப் பிடித்து வைத்துக்கொள்வது என் பழக்கம். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிப் பார்ப்பேன், அவளும் சிரித்தால் அது நல்ல வார்த்தை. அப்படி நான் பிடித்து வைத்ததில் பாதி, அந்தக் கட்டிடத்தில் கீழேயும் மேலேயும் கேட்டவைதான்.

எங்கள் ஊரில் வேலை விட்டுக் கிளம்புகிறவன் மெயின் சுவிட்சை இறக்காமல் கிளம்பினால் அவனோடு யாரும் பேசமாட்டார்கள். பிரஸ் என்றாலும் அப்படித்தான். பேப்பர், மை, தின்னர் எல்லாம் கிடக்கிற இடம். அண்ணாச்சிக்கு இந்த விஷயத்தில் ஊரில் மற்றவர்களைவிட ஒரு பங்கு கவனம் அதிகம். மெயினை இறக்கச் சொல்லித் தினமும் சாயங்காலம் தானே நின்று சொல்வார். வெளியூர் போன நாளில் யார் சொல்வது என்கிற கவலை அவருக்கு. அந்தச் சமயத்தில் புது அச்சு மெஷின் பூட்ட வந்து எங்களோடு தங்கியிருந்த ஒரு இன்ஜினியரைப் பிடித்து, டிசைன் போடுகிற லேப்டாப்பில் ஒரு புரோகிராம் எழுத வைத்தார்.

அது எப்படியென்றால், அண்ணாச்சி தன் குரலைத் துண்டு துண்டாகப் பதிந்து கொடுத்தார். ஏழு கிழமைகளும் தனித்தனியாக. ஒன்று, ரெண்டு, மூணு தனித்தனியாக. சக்கரம், புஸ்வாணம், மத்தாப்பு, லோடு, ஆர்டர், கட்டிங், பைண்டிங் எல்லாம் தனித்தனியாக. நாளைக்கு என்ன வேலை என்று நான் கம்ப்யூட்டரில் அடித்து வைத்தால் போதும். வேலை விடுகிற நேரத்துக்கு அந்த லேப்டாப் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து அண்ணாச்சி குரலிலேயே பேசும். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. நாளைக்குச் சக்கரம் லேபிள் ரெண்டு லோடு. கட்டிங் முடிச்சுருங்க. மெயினை அமத்துங்க. பின்னால ஒருக்கா பாத்துட்டுப் போங்க. அண்ணாச்சி எதிரில் நின்றுகொண்டிருந்தாலும் பேசும். அப்போது அவர் கையைக் கட்டிக்கொண்டு, தன் குரலுக்குத் தானே தலையாட்டுவார். பேப்பர் வெட்டுகிற மெஷினைப் பார்த்துக்கொள்ளும் கட்டிங் மாஸ்டர், “ஒரு மொதலாளிக்கே சம்பளம் பத்தல, இதுல ரெண்டு மொதலாளி” என்பார்.

சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன அண்ணாச்சி, மதியப் பந்தியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. இலையைக்கூட மடக்கவில்லை என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். வேனில் கொண்டுவந்தார்கள். மாடிப்படி குறுகல், பெட்டி ஏறாது. அதனால் பிரஸ்ஸின் முன் ஹாலில், லேபிள் மடிக்கிற மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஃப்ரீசர் பெட்டியை அங்கேயே வைத்தோம். பிரஸ் லைனிலிருந்துதான் வயர் இழுத்திருந்தது. பெட்டி ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனைக்குட்டத்திலிருந்து வந்திருந்த அக்காவின் சொந்தக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

வேலை விடுகிற நேரம் வந்தது. அன்றைக்கு வேலையே இல்லை என்பது லேப்டாப்புக்கு எப்படித் தெரியும். உள் அறையில் சார்ஜரில் கிடந்தது. அங்கிருந்து அண்ணாச்சி தெளிவாகப் பேசினார். இன்னைக்கு ஞாயித்துக்கெழமை என்றார். மெயினை அமத்துங்க என்றார்.

அழுகை நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் பெட்டியைப் பார்த்தேன். எல்லோரும் அதைத்தான் பார்த்திருப்பார்கள். கண்ணாடிக்குள் அவர் உதடு மூடியேதான் இருந்தது. அப்போது டப்பென்று விளக்கெல்லாம் அணைந்தது. மேலே ஓடிய ஃபேன் நின்றது. அந்த ‘ம்ம்ம்’ சத்தமும் நின்றது. அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததை மறந்திருந்த எங்களுக்கு, அது நின்றதும்தான் அங்கே ஒருவர் படுத்திருக்கிறார் என்பது சுரீரென்று உறைத்தது.

அந்த மங்கலில் அக்காவின் குரல் வந்தது. “யாருலே மெயினை அமத்துனது?”

சுவிட்ச் போர்டு பக்கமிருந்து கட்டிங் மாஸ்டர், “அண்ணாச்சிதான சொன்னாக” என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் குரல் கேட்டால் அவர் கால் தானாகப் போகும். அன்றைக்கு அவர் எழுந்து போனதை நானும் பார்த்தேன். பார்த்தும் தடுக்கத் தோன்றவில்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அக்காதான் எழுந்துபோய் மறுபடி மெயினை ஏற்றிவிட்டார். பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தது. அக்கா அதன்மேல் உள்ளங்கையை வைத்து, குளிர் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

காரியமெல்லாம் முடிந்து பிரஸ் திறந்த அன்று, அந்தப் புரோகிராமை எடுத்துவிடவா என்று நான் கேட்டேன். அக்கா சொன்னார்: “செத்தவுகளுக்குக் கெழமை தெரியாது தம்பி. இவுகளுக்குத் தெரியுதுல்ல. விடுங்க.”

விட்டோம். அதன்பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அண்ணாச்சி வேலை விட்டார். இரண்டு பெண் மக்களைக் கட்டிக்கொடுத்த வீடு, மாடியில் அக்கா தனி. குரல் கேட்கிற நேரத்துக்கு அவர் மாடிப்படியின் மேல்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். கீழே இறங்கமாட்டார். புதிதாக வந்த பட்டாசுகளின் பெயர்களை அண்ணாச்சி பதிந்து வைத்திருக்கவில்லை. அந்த இடம் வந்தால் குரல் அதைச் சொல்லாமல் தாண்டிப் போகும். “அண்ணாச்சி காலத்துல இது ஏதுய்யா” என்று மாஸ்டர் எங்களுக்குச் சமாதானம் சொல்வார்.

ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழும். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டு நிற்கும். லேப்டாப்பின் ஃபேன் மட்டும் ‘ஸ்ஸ்’ என்று இரைகிற சத்தம். பிறகு, நாளைக்கு. மறுபடி ஒரு நிறுத்தம். அண்ணாச்சி நிதானமாக யோசித்துச் சொல்வதுபோல இருக்கும். அந்த நிறுத்தத்தில் நாங்கள் பதில் சொல்லப் பழகிவிட்டோம். ரெண்டு லோடு என்றால் “ஆகட்டும் அண்ணாச்சி” என்று பைண்டிங் பகுதியிலிருந்து ஒரு குரல் போகும். மெயினை அமத்துங்க என்றால் “இந்தா அமத்திட்டேன்” என்று மாஸ்டர் சொல்வார். வெளியூரிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்த ஒரு வியாபாரி இதைப் பார்த்துவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். எங்களுக்கு அதில் பயப்பட என்ன இருக்கிறதென்று அப்போது புரியவில்லை.

ஒரு நாள் டிசைன் ஒன்றைக் காட்டி ஓகே வாங்குவதற்காக நான் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். கீழே குரல் ஆரம்பித்தது. மேலே உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்க்கவில்லை. கீழே: இன்னைக்கு வியாழக்கிழமை. அக்கா, அடுத்தவர்களுக்குக் கேட்காத குரலில், “ஆமா, வியாழன்தான்.” கீழே: நாளைக்கு. அக்கா: “சின்னவ போன் பண்ணுனா.” கீழே: ரெண்டு லோடு. அக்கா: “முழுகாம இருக்காளாம்.” கீழே ஃபேன் இரைச்சல் மட்டும் கொஞ்சம் நீண்டது. பிறகு, மெயினை அமத்துங்க. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நான் சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு முதுகில் ஒரு குளிர் ஓடியது. கேட்கக் கூடாத ஒரு குடும்பப் பேச்சைக் கேட்டுவிட்ட மாதிரியும் இருந்தது, ஒரே ஒரு ஆள் பேசியதைக் கேட்ட மாதிரியும் இருந்தது. இதை மட்டும் நான் என் மனைவியிடம் சொல்லவில்லை.

இப்படியே வருடங்கள் போயின. ஒரு கோடையில் அந்த லேப்டாப்பின் அடிவயிறு உப்பியது. மேசைமேல் வைத்தால் ஆடியது. மூடி மூடாது. பேட்டரி ஊதியிருக்கிறது என்று நான் சொன்னதுதான் தாமதம், மாஸ்டர் பிரஸ்ஸிலிருந்த எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார். உப்புகிற பொருள் அடுத்து என்ன செய்யும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலைகள் இருக்கிற தாயில்பட்டிப் பக்கம் ஒரு சத்தம் கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற கை அப்படியே நிற்கிற ஊர். மாஸ்டர் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு அதைத் தூக்கிப்போய், பின்புறத் தகரக் கொட்டகையில் ஒரு இரும்புத் தொட்டி நிறைய மணல் கொட்டி, அதில் பாதி புதைத்தமாதிரி வைத்தார். அணைத்துவிடலாம் என்றார். அணைத்தால் மறுபடி எழுந்திருக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அக்கா மாடியிலிருந்து, அணைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அதனால் சார்ஜர் வயரைக் கொட்டகை வரைக்கும் இழுத்துவிட்டோம். புது லேப்டாப் வாங்குகிறவரை அண்ணாச்சி மணலுக்குள்ளிருந்துதான் பேசினார். மணல் அவர் குரலில் பாதியைக் குடித்துக்கொண்டது. சாயங்காலம் கொட்டகைப் பக்கமிருந்து, மண்ணுக்கு அடியிலிருந்து வருவதுபோல, மெயினை அமத்துங்க என்று வரும்போது பதில் சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை. பைண்டிங்கில் வேலை பார்த்த ஒரு பெண், அண்ணாச்சியை எரிக்கத்தானே செய்தோம், இப்போது ஏன் புதைத்துவைத்திருக்கிறோம் என்று கேட்டுவிட்டு, அந்த வாரம் வேலைக்கு வரவில்லை.

நான் ஒரு வழி யோசித்தேன். ஒரு சாயங்காலம் போனில் அந்தக் குரலைப் பதிந்து, ரெண்டு நாள் கழித்து அக்காவிடம் போட்டுக் காட்டினேன். அதைத் தினமும் கேட்டுக்கொள்ளலாமே என்றேன். அக்கா கேட்டார். “இது திங்கக்கெழமை சொன்னது தம்பி. இன்னைக்குப் புதன்” என்று போனை என் பக்கம் தள்ளிவிட்டார். எழுதிக்கொடுத்த இன்ஜினியர் எந்த நாட்டில் இருக்கிறாரோ. நாங்கள் விசாரிக்காத ஆள் இல்லை. துண்டுகளைத் தனியாகப் பிரித்தெடுக்கவும் வழி தெரியவில்லை, எல்லாம் அந்தப் புரோகிராமுக்குள் பூட்டிக் கிடந்தது. புரோகிராமை அப்படியே இன்னொரு லேப்டாப்புக்கு ஏற்றினால்தான் உண்டு.

அப்படித்தான் விருதுநகர் கடைக்குப் போனோம். அங்கே போனபிறகுதான் தெரிந்தது, நாங்கள் போன நேரம் சரியில்லை என்று. நாங்கள் வைத்திருந்த ரக லேப்டாப்பைச் செய்கிற கம்பெனி, இத்தனை காலம் உள்ளே வைத்திருந்த புராசஸரை விட்டுவிட்டு, அடியோடு வேறு வகைப் புராசஸருக்கு மாறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் இரண்டையும் எடுத்து வைத்தார். ஒன்று பழைய வகை, கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்திருந்த கடைசிப் பீஸ். இன்னொன்று புதிது. பழையதில் எங்கள் புரோகிராம் சிக்கலில்லாமல் ஓடும். ஆனால் சில வருடங்களில் கம்பெனியே அதைக் கைகழுவிவிடும், டிசைன் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்புகள் ஏறாது. புதியது வேகம். ஆனால் பழைய புராசஸருக்கு எழுதின எதையும் அதனால் நேராகப் படிக்க முடியாது.

அக்கா இரண்டிலும் காது வைத்துப் பார்த்தார். பழையது இரைந்தது. கை வைத்தால் வெதுவெதுப்பு. இது போதும் என்று அதன்பக்கம் நின்றுவிட்டார். அப்புறம்தான் புதியதில் காது வைத்து அந்த மூச்சுக் கேள்வியைக் கேட்டது. நானும் பழையதையே வாங்கிவிடலாம் என்றேன். அக்கா வாசலுக்குப் போய் நின்று யாரிடமோ போன் பேசினார். மாஸ்டரிடம்தான் பேசியிருக்கிறார். மாஸ்டர் ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: சூடாகிற எதுவும் இனி பேப்பர் பக்கத்தில் வேண்டாம். திரும்பி வந்த அக்கா, அந்தச் சில்லென்ற லேப்டாப்பையே பெட்டியில் போடச் சொன்னார். பிரஸ்ஸில் அத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள். அண்ணாச்சி மெயினை அமத்தச் சொன்னதே அவர்களுக்காகத்தானே என்று என்னிடம் ஒரு மாதிரி குரலில் சொன்னார். திரும்புகிற வழியெல்லாம் லேப்டாப் பெட்டி அவர் மடியில் இருந்தது. கையை மட்டும் அதன்மேல் வைக்கவில்லை.

மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். கலகலப்பான மனிதர். புதுப் புராசஸருக்குப் பழைய பாஷை தெரியாதென்றால் புரோகிராம் எப்படி ஓடும் என்று அக்கா கேட்டதற்கு அவர் சொன்னது, நான் பிடித்து வைத்த வார்த்தைகளிலேயே என்னை அதிக நாள் தூங்கவிடாத ஒன்று. “உள்ள ஒரு ஆளை உக்கார வச்சிருக்காங்கம்மா. பழைய ஆளு பேசப் பேச, அவன் கேட்டுப் புது ஆளுக்கு மாத்திச் சொல்லிக்கிட்டே இருப்பான்.”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எனக்கும் எம் புருசனுக்கும் நடுவுல மூணாவதா ஒரு ஆளா?”

மெக்கானிக் சிரித்துவிட்டார். பிறகு அக்கா சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த ஆள் தப்பாக மாற்றிச் சொல்லமாட்டானா, தன் சொல்லைச் சேர்க்கமாட்டானா என்று அக்கா கேட்டார். மாட்டான் என்றார். எவ்வளவு நாள் இருப்பான் என்று கேட்டார். அதற்கு மெக்கானிக் என்னைப் பார்த்தார். முன்பு ஒருமுறை கம்பெனி இதே மாதிரி புராசஸரை மாற்றியபோதும் இப்படி ஒரு ஆளை வைத்தார்கள், சில வருடத்தில் எடுத்துவிட்டார்கள், இவனும் அப்படித்தான் என்றார். அதுவரைக்கும் போதும் என்றார் அக்கா.

மணல் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழையதிலிருந்து எல்லாவற்றையும் நகல் எடுத்தார்கள். அது முடிந்ததும் மெக்கானிக் பழைய லேப்டாப்பைக் கழற்றி, ஊதிப்போன பேட்டரியை எடுத்து மாஸ்டரிடம் கொடுக்க, மாஸ்டர் அதை மணலில் முழுக்கப் புதைத்தார். வயரைச் சொருகிப் பழைய லேப்டாப்பை எழுப்பிப் பார்த்தோம். ஃபேன் ஒருமுறை சுற்றியது. அப்புறம் சுற்றவில்லை. மெக்கானிக் விதவிதமாக அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இனிமேல் அண்ணாச்சி இருந்தால் புதியதில்தான். அதில் பேசாவிட்டால், நேற்று மணலிலிருந்து பேசியதுதான் கடைசி.

புது லேப்டாப்பில் அந்தப் புரோகிராமைத் திறந்ததும் திரையில் ஒரு கேள்விப் பெட்டி வந்து நின்றது. இது பழைய வகைக்கு எழுதியது, நடுவில் மாற்றிச் சொல்கிறவனை உள்ளே வைக்கலாமா என்று கேட்டது. மெக்கானிக் அமுக்கப் போனார். அக்கா அவர் கையைத் தடுத்து, தானே ஒரு விரலை நீட்டி அமுக்கினார். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பழைய திரை அதே நிறத்தில் வந்தது. நான் நாளைய வேலையை அடித்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா மேல்படியில் உட்காரவில்லை. கீழே வந்து எங்களோடு நின்றார். மெஷின்களை நிறுத்தியாயிற்று. லேப்டாப்பின் திரை தானாக அணைந்து கறுப்பாக இருந்தது. சத்தமில்லை, வெளிச்சமில்லை, தொட்டால் சூடும் இல்லை. செத்துப்போச்சா என்று மாஸ்டர் என் காதில் கேட்டார். ஓடுகிறது என்றேன். எனக்கே நிச்சயமில்லை. பழையது பேசப்போவதற்கு முன் ஃபேன் கொஞ்சம் கூடுதலாக இரையும், அதை வைத்து நாங்கள் தயாராவோம். இதில் எந்த அறிகுறியும் இல்லாமல், அந்தக் கறுப்புத் திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“இன்னைக்கு வெள்ளிக்கெழமை நாளைக்குச் சக்கரம் லேபிள் ரெண்டு லோடு கட்டிங் முடிச்சுருங்க மெயினை அமத்துங்க பின்னால ஒருக்கா பாத்துட்டுப் போங்க.”

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தவர்கள் திறந்தபடி நின்றோம். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. ஒரு துண்டு முடிகிற இடத்திலேயே அடுத்தது பிடித்துக்கொண்டது. மாஸ்டர் மெயின் பக்கம் போகவே இல்லை. நடுவில் உட்கார்ந்திருக்கிறவன்தான் கெடுத்துவிட்டான் என்று நான் மெக்கானிக்கை அழைத்தேன். அவர் குனிந்து எதையெதையோ பார்த்தார். தப்பு ஒன்றும் இல்லை, எழுதியது எழுதியபடிதான் ஓடுகிறது என்றார். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் நிறுத்தம் என்று எதுவும் அதில் எழுதியில்லை. பழைய லேப்டாப்புக்கு வயசாக வயசாக, ஒவ்வொரு துண்டையும் தேடி எடுக்க நேரம் பிடித்திருக்கிறது. அந்த நேரம்தான் நாங்கள் கேட்ட நிறுத்தம். இது உடனுக்குடன் எடுத்துவிடுகிறது.

மாஸ்டர்தான் மெதுவாகச் சொன்னார்: “அண்ணாச்சி இப்படித்தான பேசுவாக.”

அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. எனக்கும் வந்தது. அண்ணாச்சி பொரிந்து தள்ளுகிற ஆள். லேபிளில் என்ன வேண்டும் என்று அவர் சொன்னால் எனக்கு மூன்றாவது தடவைதான் புரியும். எதிராளி பதில் சொல்வதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். இத்தனை வருடத்தில் அதை நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை. நிறுத்தி நிறுத்திப் பேசுகிற ஒரு அண்ணாச்சி எங்களுக்குள் வளர்ந்து, அசல் ஆளை வெளியே தள்ளிவிட்டிருந்தார். அப்படியானால் இத்தனை சாயங்காலமும் நாங்கள் யாருக்குப் பதில் சொன்னோம் என்று நினைத்தபோது, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே எனக்கு அந்த ஹாலில் நிற்கப் பிடிக்கவில்லை.

அக்காவைப் பார்க்கத் தயங்கினேன். அவர் சின்ன மகள் முழுகாமல் இருப்பதைச் சொன்ன இடம், அதற்குப் பிறகு பேரன் பிறந்ததைச் சொல்லியிருக்கக்கூடிய இடம், எல்லாம் இந்த ஒரு சாயங்காலத்தில் மூடிப்போயிற்று. மெக்கானிக்கிடம் கேட்டு, தெரிந்த யாரையாவது பிடித்து, நடுவில் நிறுத்தம் விழுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா பார்க்கிறேன் என்றேன். அக்கா வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“இவுகதான் தம்பி. இவுகளேதான். இருந்தப்பவும் என்னை ஒரு வார்த்தை முழுசாச் சொல்ல விட்டதில்ல.” கொஞ்ச நேரம் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மறுபடி ஒருக்கா பேச வைக்க முடியுமா?”

வேலை விடுகிற நேரம் மறுபடி வரும்படி லேப்டாப்பின் கடிகாரத்தை நான் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். அக்கா லேபிள் மடிக்கிற பெண்கள் உட்காரும் ஸ்டூல் ஒன்றை இழுத்து லேப்டாப்புக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். மாஸ்டர் போய் மெயின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். குரல் ஆரம்பித்த அதே நொடியில் அக்காவும் ஆரம்பித்தார். எங்கள் யாரையும் பொருட்படுத்தாமல், அண்ணாச்சி குரலுக்கு மேல் உரக்க, பேரன் பேச ஆரம்பித்ததையும், பெரியவள் வீட்டில் கடன் அடைந்ததையும், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதையும் ஒரே வீச்சில் சொல்லிக்கொண்டே போனார். அண்ணாச்சி தன்பாட்டைச் சொல்லி முடித்துவிட்டு நின்றபிறகும், அக்கா நிறுத்தவில்லை.